பேராண்டிக்கு அடுப்படிப் பாடம்

வாடே பேராண்டி! தனிக்குடித்தனம் போயிட்டே, ரேஷன் ஸ்மார்ட் கார்டும் கைக்கு வந்தாச்சு. இனி நீயும் சம்சாரிதான். தாத்தன் சொல்லுதேன், காதுல வாங்கிக்கோ.

2011-ல இருந்து ரேஷன் அரிசிக்குக் காசு கிடையாது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா. "பெறகு உங்களுக்கெல்லாம் என்னய்யா செலவு?"ன்னு டவுன்ல ஒரு பெரிய மனுசர் கேட்டாரு. "சோத்துக்குச் செலவே இல்ல சாமி, அதை வேகவைக்கவும் அதுக்குத் தொட்டுக்கிடவும்தான்"னேன். கேஸ் தீந்துட்டா வேலிக்கருவை இருக்கு. முள்ளு குத்தும், கண்ணு எரியும், ஆனா பில்லு போடாது.

எண்ணெயை டின்னோட வாங்குதவனுக்கு லிட்டருக்கு வெலை கொறையுது. நாம சின்னப் பாக்கெட்டா வாங்கி, கணக்குப் பாத்தா அவனைவிடக் கூடக் குடுக்கோம். தாராள மனசு நமக்குத்தான்டே!

தட்டுல அஞ்சு கலர்ல காய்கறி இருக்கணும்னு டிவியில ஒரு டாக்டரம்மா சொல்லுதாக. நமக்கு என்ன கொறை? சோறு வெள்ளை, ரசம் செவப்பு, முருங்கைக்கீரை பச்சை, கருவாடு கருப்பு. அஞ்சாவது கலரு கடைக்காரன் பாக்கி நோட்டுல இருக்கு. மழை பேஞ்சா கரிசக்காட்டுல பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் தானா மொளைக்கும். பறிக்க வெக்கப்படாதே. டவுனுக்குப் போனா அதுக்குப் பேரு ஆர்கானிக்.

பிள்ளை பெறந்தா பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள்கூட மட்டம் போட விடாதே. படிப்பு வருததும் வராததும் தலையெழுத்து. வாரத்துல அஞ்சு நாள் முட்டை வருதது சர்க்கார் எழுத்து. 1982-ல எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டாந்தாரு. 2022-ல இருந்து காலையிலயும் உப்புமா, பொங்கல்னு போடுதாக. அதனால மே மாசம் பள்ளிக்கூடம் பூட்டுனா வாத்தியாருக்குத்தான் லீவு, உன் வீட்டு அடுப்புக்கு மூணு வேளையும் டூட்டி.

இன்னொண்ணு. எல்லா வீட்லயும் பசியே எடுக்காத ஜீவன் ஒண்ணு உண்டு. கடைசியாத்தான் உக்காரும், "எனக்கு வேண்டாம், நீங்க சாப்பிடுங்க"ன்னும். நாட்டுல பாதிக்கு மேல பொம்பளைகளுக்கு ரத்தசோகைன்னு சர்க்காரே கணக்கெடுத்துச் சொல்லுது. ஆஸ்பத்திரியில மாத்திரை எழுதித் தருவாக, சட்டியை யாரு வழிச்சான்னு கேக்க மாட்டாக. நீ ரெண்டாந்தரம் குழம்புக்குக் கை நீட்டும் முன்னால சட்டியை ஒருதரம் எட்டிப் பாரு. இல்ல, ஒரு வாரம் உன் வீட்டுக்காரியை முதல்ல உக்கார வச்சு நீ பரிமாறு. அந்த ஒரு வாரத்துல உனக்கும் பசி தன்னால அடங்கிரும் பாரு!

சிரிச்சது போதும். ரேஷன்ல பருப்பு வந்திருக்காம், பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பு.