வட்டை விதானையும் வீபீஎன்னும்

கல்முனைக் கடைத்தெரு. அஸர் தொழுகை முடிந்த நேரம். பேசுகிறவர்கள் இருவர். ஒருவர் போடியார்: சம்மாந்துறையில் நெல் ஆலை, கல்முனையில் அரிசிக் கடை, பொத்துவிலில் களஞ்சியம், கொழும்பு நான்காம் குறுக்குத் தெருவில் ஓர் அலுவலகம். மற்றவர் அவருடைய மருமகன்: ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்தவர். அவர் கையில் உள்ள வரைபடத்தில் கடைகளைவிட அம்புக்குறிகள் அதிகம்.

போடியார்: இதென்ன மகன், நாலு இடத்துக்கு இத்தினை கோடு?

மருமகன்: டனல் மாமா. இன்டர்நெட்டுக்குள்ளால நம்மட கணக்கைப் பூட்டுப் போட்டு அனுப்புற வழி, வீபீஎன் எண்டு சொல்ற. இப்ப மூணு டனல்தான் இரிக்கி, மத்தக் கோடெல்லாம் இனி நேரா போடப்போறது. இரிக்கிற மூணும் கல்முனைக்கு வந்துதான் போகுது.

போடியார்: கல்முனைக்கு வாறதுல என்ன குத்தம்?

மருமகன்: போன கிழமை இங்க லைன் போன நேரம், ஆலையால கொழும்புக்கு ஒரு பில்லும் போகல்ல. ஆலையிலயும் லைன் நல்லம், கொழும்பிலயும் நல்லம். ஆனா ஆலை ரவுட்டர்ல "கொழும்பெண்டா கல்முனையால போ" எண்டு ஆரோ கையால எழுதி வெச்சிருக்காங்க. செத்த பாதையில அது விடியுமட்டும் அனுப்பிக்கிட்டு நிண்டிரிக்கி.

போடியார்: ஆர் எழுதின?

மருமகன்: மலிவா வருவானெண்டு நீங்க புடிச்ச ஆள்தான்.

போடியார்: (காதில் விழாதது போல) விளங்குது. வட்டையில கரை உடைஞ்சா வட்டை விதானை மத்த வாய்க்காலால தண்ணியத் துறந்து விடுவான். உன்ட ரவுட்டருக்கு ஒரு விதானை இல்ல.

மருமகன்: அதுதான் மாமா, அதேதான்! ஆனா இங்க விதானை ஒராள் இல்ல, நாலு ரவுட்டரும் விதானைதான். ஒவ்வொண்டும் தனக்குப் பக்கத்தில எந்த டனல் இரிக்கி, எது விழுந்த எண்டு மத்ததுகளுக்கு அறிவிக்கும். எல்லாத்திட்டயும் ஒரே வரைபடம் இரிக்கும். அதை வெச்சி ஒவ்வொண்டும் கிட்டின பாதையைத் தானே கணக்குப் பாத்துக்கொள்ளும். டைக்ஸ்ட்ரா எண்ட ஒல்லாந்துக்காரர் 1959ல வெளியிட்ட கணக்கு. இந்த முறைக்குப் பேர் ஓஎஸ்பீஎஃப்.

போடியார்: ஒரு வட்டைக்கு நாலு விதானையா? கூட்டம் முடியிறதுக்குள்ள வெள்ளாமை வெட்டுக்கு வந்திருமே.

மருமகன்: கூட்டம் இல்ல மாமா. பத்து விநாடிக்கு ஒருக்கா ஒண்டுக்கொண்டு ஹலோ சொல்லும். நாப்பது விநாடிக்கு ஹலோ வராட்டி, பக்கத்து ஆள் மௌத்தெண்டு முடிவு பண்ணும்.

போடியார்: நாப்பது விநாடியில மௌத்தா? ஆஸ்பத்திரியில டொக்டருக்கே அதை விட நேரம் வேணும். சரி, இந்த நாலுக்கும் தலைவர் ஆரு? தேர்தல் வெப்பாங்களா?

மருமகன்: ஒரே சுவிட்ச்சில நிறைய ரவுட்டர் இருந்தாத்தான் தலைவரைத் தேர்ந்தெடுக்கிற. டனலெண்டா ரெண்டு பேர்தானே, தேர்தல் இல்லாமலே ஓடும்.

போடியார்: அப்ப நம்மட மாநகர சபை மாதிரித்தான். 2025 மே மாசம் நாட்டில உள்ளூராட்சித் தேர்தல் நடந்த, கல்முனைக்கு மட்டும் வழக்கெண்டு நடக்கல்ல. ஊர் ஓடிக்கிட்டுத்தானே இரிக்கி.

(ஓடுகிற விதத்தைப் பற்றி மருமகனுக்கு ஒரு கருத்து உண்டு. வாய் திறக்காதது நல்ல வளர்ப்பு.)

மருமகன்: வலை பெருத்தா ஏரியா ஏரியாவாப் பிரிக்கலாம். எல்லா ஏரியாவும் பூச்சிய ஏரியாவோட தொடுத்திரிக்கணும்.

போடியார்: கல்முனை பூச்சியமா? நம்மட மாநகர சபைக்குள்ள இரிக்கிற சாய்ந்தமருதுக்காரன் கேட்டா நாளைக்கே தனி ஏரியா கேப்பான். 2020 பெப்ரவரியில அவங்களுக்கு நகர சபையெண்டு வர்த்தமானியும் வந்த. வெடி கொளுத்தி முடியிறதுக்குள்ள அதை நிப்பாட்டியும் போட்டாங்க.

மருமகன்: பீஜீபீ எண்டு இன்னொரு முறை இரிக்கி, பெரிய கம்பனிகள் ஒண்டோட ஒண்டு பாதை சொல்லிக்கொள்றது. பாதை இரிக்கெண்டு அறிவிக்கிறது, வாபஸ் வாங்கிறது, மறுகா அறிவிக்கிறதெண்டு ஆரும் விளையாடினா, கொஞ்ச நேரத்துக்கு அவன்ட சொல்லை எடுக்காம விடுறதுக்கு அதில வழி இரிக்கி.

போடியார்: அந்த வழியைக் கொழும்பில அமைச்சரவைக்குச் சொல்லிக் குடு. ஒருத்தன் பொய் அறிவிப்புக் குடுத்தா?

மருமகன்: மத்தவன் நம்பிருவான், அதுதான் வில்லங்கம். 2008 பெப்ரவரி 24, பாகிஸ்தான் டெலிகொம் தங்கட நாட்டுக்குள்ள யூடியூபைத் தடுக்க "யூடியூபுக்கு வழி நாங்கதான்" எண்டு ஒரு பாதை போட்ட. அந்த அறிவிப்பு வெளிய கசிஞ்சி போச்சு. உலகமே நம்பி அந்தப் பக்கம் ஓடின. ஏறத்தாழ ரெண்டு மணித்தியாலம் யூடியூப் இல்ல. அதனால பொத்துவில் ரவுட்டர் பொத்துவில் முகவரியை மட்டும்தான் அறிவிக்கலாமெண்டு கட்டுப்பாடு போடுறன். உலகத்துக்கே வழி என்னாலதான் எண்டு அது சொல்லப்படாது.

போடியார்: பொத்துவில் மேனேஜருக்கும் அதைப் போட்டு விடு.

மருமகன்: இன்னொண்டு. பொத்துவில்ல இரிக்கிற 4ஜீ சிம்முக்கு வெளியால தெரியிற முகவரி கிடையாது. நாம அதைக் கூப்பிட ஏலாது. அதுதான் நம்மளைக் கூப்பிடணும்.

போடியார்: மேனேஜரும் அப்படித்தான். நான் எடுத்தா எடுக்கமாட்டான்.

மருமகன்: மறுகா, ஐபீசெக் டனல் வழக்கமா ஓராள்ட இருந்து ஓராளுக்குப் போறதை மட்டும்தான் கொண்டு போகும். இந்த ஹலோ 224.0.0.5 எண்ட பொது முகவரிக்குப் போறது. அதனால ஹலோவை ஜீஆர்ஈ உறையில போட்டு, உறையை ஐபீசெக்கால பூட்டணும்.

போடியார்: ரெண்டு உறைக்கும் ரெண்டு காசா?

மருமகன்: காசில்ல, இடம்தான் செலவு. 1500 பைட்ல போறதை 1400க்குக் குறைக்கணும். இதை மறந்தா ஹலோ போகும், பிங் போகும், எல்லாம் நல்லமெண்டு தெரியும். பெரிய பில் மட்டும் நடுவழியில நிண்டிரும். பொடியன்மார் தலையைப் பிச்சிக்கிறது இந்த இடத்திலதான். அதைவிடப் பெரிய பகிடி ஒண்டிரிக்கி. டனலின்ட மறுமுனைக்குப் போற வழியை டனலுக்குள்ளாலயே படிச்சிட்டா, ரவுட்டர் டனலுக்குள்ளால டனலுக்குப் போகப் பாக்கும். விழும். விழுந்த உடனே பழைய வழி தெரியும், எழும்பும். எழும்பினா திரும்பவும் விழும்.

போடியார்: வாய்க்கால் தண்ணிய அந்த வாய்க்கால்ட வாய்க்கே கிறுக்கி விட்டிருக்கான்.

மருமகன்: (எழுதிக்கொள்கிறார்) இனி லைன். இடத்துக்கு ரெண்டு. ஒண்டு ஃபைபர், மத்தது வேற கம்பனிட 4ஜீ. ஃபைபருக்குச் செலவு 10, 4ஜீக்கு 100 எண்டு எழுதினா...

போடியார்: நூறைக் குறை.

மருமகன்: ரூபாய் இல்ல மாமா, எண். எண் கூடின பாதையை மத்தது விழுந்தாத்தான் எடுக்கும்.

போடியார்: அந்த 4ஜீ டவருக்கு லைன் எதால வருது?

மருமகன்: ... கடற்கரை ரோட்டாலதான்.

போடியார்: நம்மட ஃபைபர்?

மருமகன்: அதுவும் அந்தக் கம்பத்திலதான்.

போடியார்: சம்மாந்துறைக்கு மாவடிப்பள்ளியாலயும் போகலாம், கிட்டங்கியால சுத்தியும் போகலாம். ரோட்டுப் படத்தில ரெண்டு வழி. மாரி பெருத்தா ரெண்டு தாம்போதியும் ஒரே நாள்ல முங்கும். 2024 நவம்பர்ல மாவடிப்பள்ளியில புள்ளைகளைக் கொண்டு போன தண்ணி அது, அதை வெச்சிப் பகிடி கதைக்க மாட்டன். உன்ட விதானை நாலு பேரும் கெட்டிக்காரன்தான். துறந்து விட ரெண்டாவது வாய்க்கால் எங்க?

மருமகன்: நாட்டுக்கே நடந்த மாமா. 2004 ஆகஸ்ட்ல கொழும்புத் துறைமுகத்துக்கிட்ட ஒரு இந்தியக் கப்பல்ட நங்கூரம் கடலடிக் கேபிளைச் சேதமாக்கி, நாட்டில இன்டர்நெட் படுத்த. இப்ப மாத்தறையிலயும் கேபிள் இறங்கியிரிக்கி.

போடியார்: அப்ப நமக்கும் ஒரு மாத்தறை வேணும். ஆலைக்கு அம்பாறைப் பக்கத்தால ஒரு லைன் எடு. ஆலைப் புகைபோக்கியில ஏறிப் பாத்தா இந்தக் கடை மொட்டைமாடி தெரியும், நடுவுல வட்டைதான்.

மருமகன்: ரேடியோ லிங்க்! அனுமதி என்ன வேணுமெண்டு பாக்கணும். ஆனா அடிச்சா கல்முனைக்கு வேற பக்கத்தால மூணாவது வழி. (வரைபடத்தில் பாதியை அழிக்கிறார்.) மாமா, ஒண்டு கேக்கணும். கடை ரவுட்டர்ட பதிவில ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்கு, அஸருக்குப் பொறகு, கொஞ்ச நேரம் ஆள் காணாமப் போகுது. லைன் நல்லம். என்னெண்டு விளங்கல்ல.

போடியார்: அது தேத்தண்ணி நேரம். கேத்தலுக்கு அந்த பிளக்தான் இரிக்கி.

மருமகன்: ரவுட்டரைக் கழட்டியா தேத்தண்ணி ஊத்துற? வேற பிளக் ஒண்டு அடிக்க எவ்வளவு மாமா முடியும்?

போடியார்: என்னத்துக்குச் செலவு? நாப்பது விநாடியில மத்தப் பக்கத்தால கிறுகும் எண்டு நீதானே சொன்ன. ஆலையால கொழும்புக்குப் பில் போகுமா, போகாதா?

மருமகன்: போகும்... ஆனா மாமா...

போடியார்: அப்ப கழட்டு. உனக்குச் சீனி எவ்வளவு?