பெற்றுப் போட்டுவிட்டு ஓடிய விஞ்ஞானி

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கிய புகை வானத்தை மறைத்ததில், மறு வருஷம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. அங்கே யாருக்கும் காரணம் தெரியாது. சூரியனில் கரும்புள்ளிகள் தெரிந்தன; அது போதாதா? ஜூலை 18 அன்று சூரியன் அணைந்துவிடும் என்று இத்தாலியில் ஒருவர் நாள் குறித்தார். அவர் ஜோசியர் இல்லை, வானியல் அறிஞர்! சூரியன் அவரை மதிக்காமல் மறுநாளும் உதித்தது.

அந்த அடைமழையில் ஜெனீவா ஏரிக்கரை பங்களாவில் மாட்டிக்கொண்டது பைரன் பிரபுவின் கோஷ்டி. பொழுது போகவில்லை. ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் பிரபு. மகாகவிகளான பைரனும் ஷெல்லியும் நாலு பக்கத்தில் சலித்துப்போனார்கள். ஷெல்லியுடன் வந்திருந்த 18 வயது மேரிதான் விடாமல் எழுதி, 1818-இல் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலாக வெளியிட்டார்.

நாவலில் வரும், பிணத்தை எழுப்பும் யோசனை ஒன்றும் ஆகாயத்திலிருந்து விழவில்லை. 1803-இல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட கைதி ஒருவனின் உடலில் அல்தினி என்ற இத்தாலியர் மின்சாரம் பாய்ச்சினார். தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது, வலக்கை முஷ்டியை உயர்த்தியது. பார்த்த ஊழியர் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பயத்திலேயே செத்தார் என்கிறது அக்காலக் குறிப்பு ஒன்று. எழுந்திருக்க வேண்டியவன் எழவில்லை. நின்றுகொண்டிருந்தவர் போய்ச் சேர்ந்தார்.

நாவலின் நாயகன் விக்டரோ பேய் பயம் என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்த பிள்ளை. அப்பாவின் பகுத்தறிவு வளர்ப்பு அப்படி. விளைவு, இடுகாடு அவனுக்கு உதிரிபாகக் கிடங்கு! ரசவாதிகளின் புத்தகங்களைப் படித்ததற்காகப் பேராசிரியரிடம் திட்டு வாங்கினான். பிறகு நவீன வேதியியல் படித்து, நவம்பர் மாத மழை இரவில் பூதத்தையே செய்து முடித்தான். அது மஞ்சள் கண்ணைத் திறந்ததும் நம் விஞ்ஞானி என்ன செய்தார்? அறைக்கு ஓடிப்போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார். பிள்ளைக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

பூதம் விக்டரின் குட்டித் தம்பியைக் கொன்றது. பழி வேலைக்காரி ஜஸ்டின் மேல் விழுந்தது. நரகத்தைக் காட்டி மிரட்டி அவளிடம் ஒப்புதல் வாங்கினார் பாதிரியார். உண்மை தெரிந்த விக்டரோ, சொன்னால் பைத்தியம் என்பார்களே என்று நீதிமன்றத்தில் வாயைத் திறக்கவில்லை. அவள் தூக்கில் தொங்கினாள்.

அறிவியலா, மூடநம்பிக்கையா, எது ஆபத்து என்று பட்டிமன்றம் வைப்பவர்கள் முதலில் ஜஸ்டினின் வழக்கைப் படிக்கட்டும். அவளைக் கொன்றதில் இரண்டும் சரிபாதிப் பங்காளிகள்.