ஒக்கலிபுரத்து ஆப்ரிகாட்: திணை, துறை, புறனடை

ஆப்ரிகாட்டைப் பற்றி நூல் செய்யப் புகுவோன் முதலில் அது மரந்தானா என்று நிறுவியாக வேண்டும். தொல்காப்பிய மரபியல் புறத்தே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும், அகத்தே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் வகுக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல், ஆப்ரிகாட் மரம். ஒக்கலிபுரத்தில் ஓர் ஆப்ரிகாட் எட்டடியைத் தாண்டி நான் பார்த்ததில்லை. எங்கள் தெருமுனைத் தென்னையோ மூன்றாம் மாடிக்காரர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது. இருந்தாலும் அதுதான் புல், இதுதான் மரம். இலக்கணத்துக்கு உயரம் ஒரு பொருட்டல்ல.

அடுத்தது முதற்பொருள். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்க. நிலமாவது: பெங்களூரில் மெஜஸ்டிக் ரயில் நிலையத்துக்கும் ஸ்ரீராமபுரத்துக்கும் இடையே, தண்டவாளத்தை ஒட்டிக் கிடக்கும் எங்கள் ஊர். இருபதுக்கு முப்பது சைட்டு. அதில் வீடு போக சம்ப்பு, ஸ்கூட்டர், துளசி மாடம். அவையும் போக மதிலோரம் மிஞ்சும் இரண்டடிச் சந்துக்குத் தோட்டம் என்று பெயர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 920 மீட்டர் என்பதால் இதைக் குறிஞ்சி என்று வாதிடுவோர் உண்டு. வாதிடட்டும். சிக்கல் நிலத்தில் இல்லை, பொழுதில் இருக்கிறது. பெரும்பொழுது ஆறில் முன்பனியும் பின்பனியும் இங்கே ஸ்வெட்டர் வியாபாரிகளின் தயவில்தான் உயிரோடிருக்கின்றன.

கருப்பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தெய்வம் முனீஸ்வரர். பறவை புறா. விலங்கு பெருச்சாளி. பறை, ரயில் நிலைய ஒலிபெருக்கி. நீர், காவேரித் தண்ணீர் வரும் நாளில் காவேரி, வராத நாளில் டேங்கர்.

பொழுதுக்குத் திரும்புவோம், நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆப்ரிகாட்டின் மொட்டு இலையுதிர் காலத்தில் உறங்கப் போகிறது. வெயில் வந்தது என்பதற்காக அது விழித்துக்கொள்வதில்லை. தேவையான அளவு குளிர் சேர்ந்தால்தான் உறக்கம் கலையும். அந்தக் குளிரை அளக்கப் பழத்தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் பழைய முறை, வெப்பநிலை 0 முதல் 7.2 டிகிரி செல்சியஸுக்குள் நின்ற மணி நேரங்களைக் கூட்டுவது. பெரும்பாலான ஆப்ரிகாட் வகைகள் இப்படிப் பல நூறு மணி கேட்கும். வெப்ப நாட்டுக்கு ஏற்றவை என்று பெயரெடுத்த கோல்ட் கிஸ்ட், கேட்டி போன்ற வகைகளே சுமார் 300 மணி கேட்கின்றன.

பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி. தேதி 1884 ஜனவரி 13. அதாவது, இந்த ஊரில் வெப்பமானியைப் பார்த்து எழுதிவைக்கத் தொடங்கிய காலம் முதல் இன்று வரை, பதிவேட்டின்படி, ஆப்ரிகாட் கேட்கும் குளிரில் ஒரு மணி நேரம்கூடப் பெய்ததில்லை. 300 மணியில் பூஜ்யம். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஒரு விடியற்காலை மட்டும் கொஞ்சம் நெருங்கி வந்து, 0.6 டிகிரியில் நழுவிவிட்டது.

1974இல் அமெரிக்காவின் யூட்டாவில் வகுத்த முறை இன்னும் கறாரானது. அதில் மிதமான குளிருக்கு அரை மதிப்பெண் உண்டு. ஆனால் 16 டிகிரியைத் தாண்டும் ஒவ்வொரு மணிக்கும் அரை கழியும், 18ஐத் தாண்டினால் முழுதாக ஒன்று கழியும். பெங்களூரின் ஜனவரிப் பகல் 27 டிகிரி. ஆக, நம் ஊர் மரத்தின் கணக்கு மினிமம் பேலன்ஸ் இல்லாத சேமிப்புக் கணக்கைப் போல. போட்டது ஒன்றுமில்லை, நாள்தோறும் பிடித்தம் மட்டும் நடக்கிறது. இந்த ஊரில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் சொல்ப அட்ஜஸ்ட் செய்துகொள்வார்கள். ஆப்ரிகாட் மொட்டு செய்துகொள்ளாது.

குளிர் போதாத மரம் செத்துவிடுவதில்லை; செத்தால் நூலுக்கு வேலை இல்லை. கிளை நுனியில் மட்டும் ஒரு குஞ்சம் இலை விடும். நடுக்கிளை மொட்டையாக நிற்கும். ஒரு கிளை பிப்ரவரியில் துளிர்க்கும், பக்கத்துக் கிளை ஏப்ரலில். பூமொட்டு தோன்றினாலும் விரியாமல் காய்ந்து உதிரும். லடாக்கின் கார்கிலிலும் தா ஹனுவிலும் இதே மரத்துக்கு நேர்மாறான துன்பம்: அங்கே குளிர் ஏராளம், பூத்த பிறகு உறைபனி அடித்துவிடுமோ என்பதே விவசாயியின் கவலை. அங்குள்ள ஹல்மன் வகை உலர்த்திய பழத்துக்குப் பேர்போனது. வெண்கொட்டை வகையான ரக்ட்சே கார்போ 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. நமக்கு அந்தக் கவலைப்படும் பாக்கியம்கூட இல்லை.

இனி உரிப்பொருள். மரத்தை வகுத்துப் பயனில்லை, எல்லா மரமும் ஒன்றுபோலவே காய்க்காமல் இருக்கிறது. வளர்ப்போரை வகுப்பதே முறை.

புணர்தல், ஒட்டுக்கன்று வாங்குவோர்க்கு உரியது. லால்பாகில் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் கண்காட்சி நடக்கும்போது இவர்களைக் காணலாம். கன்றின் கழுத்தில் ஆரஞ்சு நிறப் பழப் படம் தொங்கும். ஆப்ரிகாட் கிளையைப் பீச் அல்லது பிளம் வேர்ச்செடியில் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். நட்ட முதல் கோடையில் மேலே உள்ள கிளை கருகும். அடியிலிருந்து வேர்ச்செடியின் தளிர் சீறிக்கொண்டு வரும். அதை ஆப்ரிகாட் என்றே நம்பி மூன்று வருடம் எரு போடுவார்கள். வேறுபாடு காண இலையே போதும். ஆப்ரிகாட் இலை அகலமாக, அடி உருண்டு, நுனி மட்டும் சட்டென்று கூராக இருக்கும், காம்பு சிவப்போடியிருக்கும். பீச் இலை குறுகி நீண்டு, சிறிய மாவிலை மாதிரி தொங்கும். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாலும் ஏற்காதவர்கள் இத்திணையில் மிகுதி. படத்தைக் காட்டி விற்கும் இவ்வகையைக் கடைப்போலி என்பர் நூலோர்.

இருத்தல், கொட்டை போட்டு வளர்ப்போர்க்கு உரியது; ஐந்திலும் இவர்களே உயர்ந்தோர். உலர்ந்த ஆப்ரிகாட்டான குபானியைத் தின்று, கொட்டையை மெல்லத் தட்டி, ஈர மணலில் பொதிந்து ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு மாதம் வைக்க வேண்டும். தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் மண் டப்பா எதற்கு என்ற கேள்வியைத் தாங்கும் நெஞ்சுரமும் வேண்டும். விதை முளைக்கும், இது பொய்யல்ல. வெயிலில் கிடுகிடுவென்று வளரவும் செய்யும். இங்கேதான் ஏமாற்றத்தின் வேர். ஃப்ரிட்ஜ் கொடுத்த குளிர் விதைக்கு மட்டுமே உரியது. மரமான பிறகு ஒவ்வொரு வருட மொட்டும் தன் பங்குக் குளிரைத் தனியாகக் கேட்கும். எட்டடி மரத்தை ஃப்ரிட்ஜில் வைக்க முடியாது என்பதை உணர்ந்த நாளிலிருந்து இவர் இருத்தலில் இருக்கிறார்.

இரங்கல், ஐஸ் போடுவோர்க்கு. மார்கழி மாலைகளில் வேரடியில் ஐஸ் கட்டி கொட்டுவார்கள். குளிரைக் கணக்கு வைப்பது மொட்டு, வேரல்ல. வேரில் ஐஸ் போட்டால் வேர்தான் நனையும். "ஏன்ணா, தினமும் ஐஸ் போடுறீங்களே, அதுக்கு ஜலதோஷம் புடிக்காதா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டதற்கு எங்கள் தெருவில் இன்னும் விடை இல்லை. இதன் உட்பிரிவு ஒன்று: தொட்டி மரத்தை ஏசியின் வெளிப்பெட்டி முன் நிறுத்துவோர். ஏசியிலிருந்து வருவதெல்லாம் குளிர்காற்று என்பது அவர்கள் துணிபு. வெளிப்பெட்டி வீட்டின் சூட்டையெல்லாம் வெளியே தள்ளுவது.

ஊடல், மதில் தாண்டிய கிளைக்கும் சம்ப்புக்குள் போகக்கூடிய வேருக்கும் உரியது. எல்லா மரத்துக்கும் பொது என்பதால் விரிக்கவில்லை.

பிரிதல் என்பது மரத்தைக் கூனூரிலோ கொடைக்கானலிலோ உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. அந்தக் குளிர்தான் அதற்கு உகந்தது. கூனூரில் பழவியல் நிலையம் 1920இலேயே அமைந்தது சும்மா அல்ல. அனுப்பியவர் ஒவ்வொரு மேயிலும் மரத்தைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி ஊட்டி சுற்றிவிட்டு வருவார்.

ஐந்திணைக்கு வெளியே நிற்பது பெருந்திணை, அதாவது பொருந்தாக் காமம்: ஹைட்ரஜன் சயனமைடு அடிப்போர். கவாத்துக்குப் பின் மொட்டை எழுப்பத் திராட்சைத் தோட்டக்காரர்கள் பயன்படுத்தும் மருந்து இது. தோலையும் மூச்சையும் பதம் பார்க்கும். கையாண்டவர் அடுத்த சில நாளில் மது குடித்தால் உடல் சிவந்து படுத்துவிடுவார். இரண்டடிச் சந்தில், துளசி மாடத்துக்குப் பக்கத்தில், இதற்கு இடமில்லை. இது ஒன்றில் மட்டும் நூலாசிரியன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எஞ்சிய அனைவரும் கைக்கிளை. ஒருதலைக் காதல். என் துணிபு, ஒக்கலிபுரத்து ஆப்ரிகாட் வளர்ப்பு முழுவதுமே அதுதான், மேற்சொன்ன ஐந்தும் அதன் துறைகள். இதற்கு மறுப்புச் சொல்வோர் ஆப்பிளைக் கொண்டு வருவார்கள். ஒரு காலத்தில் பெங்களூர் பங்களாத் தோட்டங்களில் ஆப்பிள் காய்த்ததே என்பார்கள், காய்த்தது. இமாச்சலத்துப் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஹரிமன் சர்மா உருவாக்கிய எச்ஆர்எம்என்-99 வெயிலில் காய்க்கிறதே, அதற்காக அவருக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே என்பார்கள், கொடுத்தார்கள். ஆனால் ஆப்பிள் கொடுத்த வாக்கை ஆப்ரிகாட் காப்பாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பழ ஆசைதான் காரணமென்றால் அத்தி வைக்கலாம், மாதுளை வைக்கலாம், கொய்யா கேட்காமலே காய்க்கும். இதைச் சொன்னால் கைக்கிளைக்காரர் முகம் வாடுகிறது, எனவே சொல்வதில்லை.

புறனடை. ஜாவாத் தீவின் பட்டு என்னும் ஊரில் குளிரே இல்லாமல் ரோம் பியூட்டி ஆப்பிளை வருடத்துக்கு இருமுறை அறுக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் இலை முழுவதையும் கையால் உருவிவிடுவார்கள். மொட்டு ஆழ்ந்து உறங்கும் முன்பே எழுப்பிவிடுவதுதான் சூட்சுமம். ஆப்ரிகாட்டில் இதைச் செய்து பார்க்க விரும்புவோரை நூல் தடுக்காது. அம்மரம் பூத்து, கோடை மழைக்கு அழுகாமல் தப்பி, ஒரு பழமாவது பழுத்தால், இந்நூல் அந்த ஒரு சைட்டுக்குள் மட்டும் செல்லாது.

தின்னும் நோக்கம் மட்டுமே உடையோர்க்கு இன்னொன்று. ரஸ்ஸல் மார்க்கெட்டில் உலர்ந்த குபானி வாங்கி, இரவு ஊறவைத்து, சர்க்கரையோடு மசிய வேகவைத்தால் ஹைதராபாத்துக்காரர்களின் குபானி கா மீட்டா ஆகிவிடும். கொட்டையை உடைத்துப் பருப்பை மேலே தூவுவது வழக்கம். கசக்கும் பருப்பை மட்டும் எறிந்துவிட வேண்டும், அது உடம்புக்குள் சயனைடைத் தரும். உடைக்காமல் மிஞ்சும் கொட்டைகளைத் தாளில் சுற்றி அன்றே குப்பை வண்டியில் போடவும். இல்லாவிட்டால் வீட்டில் யாராவது எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார்கள்.