ஒரு ராத்திரிப் பயணம்

"உங்கட ஊர் எவ்வளவு தூரம்?" என்று கொழும்பில் யாராவது கேட்டால், அப்பா மைல் கணக்குச் சொல்லமாட்டார். "ஒரு ராத்திரிப் பயணம்தானே" என்பார். கோட்டை ஸ்டேசனில் இரவு மெயில் ஏறிப் படுத்தால், விடியக் கொக்குவிலில் இறங்கலாம். 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகு பகலிலும் போகலாம் என்று ஆயிற்று. ஆனால் அப்பாவுக்கு ஊரின் தூரம் கடைசிவரை ஒரு ராத்திரிதான்.

1967இல் அவர் கொழும்பில் அரசாங்கக் கிளாக்கர். வெள்ளவத்தையில் நாலைந்து ஊர்க்காரருடன் சமறியில் இருந்தார். ஒரு நாள் பின்னேரம் மூன்று மணிக்கு அலுவலகத்துக்குத் தந்தி வந்தது. ஆங்கிலத்தில் நாலே சொல்: மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி. அந்தத் தாளை அவர் தன் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தார். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து அழிந்துவிட்ட பிறகும் எறியவில்லை. அன்றிரவே மெயில் ஏறி மறுநாள் காலை போய்ச் சேர்ந்தார். ஆச்சி அவரை அடையாளம் கண்டு, "சாப்பிட்டியோ" என்று கேட்டாவாம். இரண்டு நாள் கழித்து, அப்பா கரண்டியால் பால் பருக்க, ஆச்சியின் சீவன் போனது. இதைச் சொல்லும்போது அப்பாவின் குரலில் துக்கத்தைவிட நிறைவுதான் கூடுதலாக இருக்கும். பிள்ளை செய்யவேண்டியதைச் செய்துவிட்ட நிறைவு அது.

எனக்குச் செய்தி வந்தது 1998 ஒக்டோபரில், பேலியகொடையில்.

நான் அப்போது களனி ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பருப்பு ஸ்டோரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இருப்பது கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ். காலையில் கிராண்ட்பாஸ் வழியாக பஸ் பிடித்து, பாலத்தடிச் சோதனைச்சாவடியில் இறங்கி, அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் காட்டி, மறுபடி ஏறி வரவேண்டும். புறக்கோட்டையிலிருந்து மீன் சந்தை இங்கே வந்தது பின்னாலே. அன்றைய பேலியகொடை என்றால் லொறிகள், ஸ்டோர்கள், மழைக்குப் பெருகும் ஆறு, அவ்வளவுதான். அன்று ஒரு லொறி மைசூர்ப் பருப்பு இறங்கிக்கொண்டிருந்தது. நாட்டாமைகள் மூட்டை சுமக்க, நான் வாசலில் நின்று கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றிப் பன்னிரண்டாவது மூட்டையில் ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எங்கள் ஊர்க்காரர். கப்பலில் வந்தவர். முதலில் லொட்ஜுக்குப் போய்த் தேடி, விசாரித்து, அங்கிருந்து இங்கே வந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்தது கொப்பித் தாள், எட்டாக மடித்தது. தங்கச்சியின் எழுத்து.

"அண்ணை, அப்பாவுக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் ஏலாது. கதை குழறுது. உங்கட பேரைத்தான் சொல்லுறார். உடன வாங்கோ."

மேலே திகதி இருந்தது. ஒன்பது நாளைக்கு முந்தின திகதி.

எப்படிப் போவது? ஏ9 வீதி பூட்டிக் கிடந்தது; வன்னியில் சண்டை. யாழ்தேவி 1990 ஜூனோடு யாழ்ப்பாணம் போவதை நிறுத்திவிட்டது. பறந்து போகலாம் என்றால், அதற்குச் சில கிழமைகளுக்கு முன், செப்டெம்பர் 29ஆம் திகதி, பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேருடன் கடலில் விழுந்திருந்தது. அதில் வந்தவர்களின் வீட்டாரும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாசல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். பயணிகள் விமானமும் நின்றுபோயிற்று. மிஞ்சியது திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல். அதில் ஏறப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு பொலிஸ் பதிவு, வேலை செய்யுமிடத்துக் கடிதம், ஊரிலிருந்து வந்த கடிதத்தின் பிரதி எல்லாம் வேண்டும்.

முதலாளி சிங்களவர். கடிதத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். பருப்புத் தூசி படிந்த மேசையை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, தானே உட்கார்ந்து எனக்கு வேலைக் கடிதம் எழுதினார். இரண்டு தரம் எழுதிக் கிழித்து, மூன்றாந்தரம் எழுதினார். பிறகு லாச்சியைத் திறந்து, எண்ணாமலே ஒரு கட்டுக் காசை என் பையில் திணித்தார். "யன்ன புத்தா" என்றார். போ மகனே. அந்த இரண்டு சொல்லும் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அனுமதிக்குப் பன்னிரண்டு நாள் அலைந்தேன். திருகோணமலையில் கப்பலுக்கு ஐந்து நாள் காத்திருந்தேன். சமைத்துத் தின்று, பாயில் படுத்து, பட்டியலில் பெயர் வருகிறதா என்று பார்க்கிற கூட்டம் அங்கே. என்னிடம் அப்பாவுக்கென்று வாங்கிய ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்று இருந்தது. விழுங்கக் கஷ்டப்படுவாரே, கரைத்துக் கொடுக்கலாம் என்று வாங்கியது. சோதனையில் ஒரு சிப்பாய் மூடியைத் திறந்து, வாயை மூடியிருந்த தாளைக் கிழித்து, நீளக் கம்பி ஒன்றை மாவுக்குள் விட்டுக் கிளறினான். கம்பியை வெளியே எடுத்து என் முன்னாலேயே துடைத்தான். மூடியைத் திரும்பத் திருகித் தந்தபோது, என் வயதுதான் அவனுக்கும் இருக்கும் என்று தோன்றியது. மாவுக்குக் காற்றுப்பட்டுக் கட்டியாகிவிடுமே என்ற ஒரே கவலையோடு அன்றிரவு கப்பலில் அந்தப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுப் படலையைத் திறந்தது தங்கச்சி. அவள் ஒன்றும் சொல்லவில்லை. விறாந்தையில் அப்பாவின் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கடிதம் எழுதி மூன்றாம் நாளே அப்பா போய்விட்டார். நான் பேலியகொடையில் மூட்டை எண்ணிக்கொண்டு நின்ற அன்றைக்கு அவர் இறந்து ஆறு நாள். காடாத்தும் முடிந்திருந்தது. நான் அமைச்சு வாசலில் வரிசையில் நின்றதும், கப்பலுக்குப் பெயர் பதிந்ததும், ஹோர்லிக்ஸ் வாங்கியதும் எல்லாம் இல்லாத மனிதருக்காக. எனக்கு மிஞ்சியது அந்தியேட்டி மட்டும். அதற்கு ஒரு கிழமை இருந்தது. அம்மா அந்த ஹோர்லிக்ஸைக் கரைத்து ஒரு தம்ளரில் படையலுக்கு வைத்தா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நாங்கள் ஹோர்லிக்ஸ் வாங்குவதில்லை.

"அந்தக் காலத்தில் போன் இல்லைதானே, பாவம்" என்று இன்றைய பிள்ளைகள் சொல்கிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்வதேயில்லை. 1967இலும் எங்கள் வீட்டில் போன் இல்லை. அப்பா போய்ச் சேர்ந்தார். எனக்கு இல்லாமற் போனது வழி. அது தானாகத் தூர்ந்துபோன வழியுமல்ல, மனிதர் பூட்டிய வழி. 2002 ஏப்ரலில் ஏ9 திறந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடி பூட்டினார்கள். ஒவ்வொரு பூட்டுக்கும் போரைக் காட்டி ஒரு காரணம் சொன்னார்கள். எத்தனை தாய் தகப்பன் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லியே கண் மூடினார்கள் என்பதை எவரும் எண்ணவில்லை.

போன் இருந்தும் போக முடியாத காலத்தையும் இதே பேலியகொடையில் பார்த்தேன். 2020 ஒக்டோபரில் மீன் சந்தையில் கொரோனாத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டு, சந்தையை மூடினார்கள். மாத முடிவில் மேல் மாகாணம் முழுவதற்கும் ஊரடங்கு. சந்தையில் ஐஸ் பெட்டி ஏற்றும், எனக்குப் பழக்கமான மலையகத்துப் பொடியன் ஒருவன் தனிமைப்படுத்தல் முகாமில் இருந்து போன் எடுத்தான். "சேர், அப்பா முடிஞ்சிட்டாரு. தோட்டத்துல தூக்கப் போறாங்க. போன்ல காட்டுறாங்க, நெட் நின்னு நின்னு போகுது" என்றான். அவனுக்கு டேட்டா போட்டுவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

2024 மாசியில், காலை பத்தே கால் மணிக்கு, கணக்கு மேசையில் கிடந்த என் போன் நடுங்கத் தொடங்கியது. அம்மா கிணற்றடியில் விழுந்துவிட்டா. நான் எடுத்துக் கேட்டு முடிப்பதற்குள் ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி. அங்கே நடுச்சாமம் ஆகக் கால் மணி இருந்தது. லண்டனில் தம்பி விடியமுன்னரே எழும்பிவிட்டான். பக்கத்து வீட்டுப் பிள்ளை 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்திருந்தாள். 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் இப்போது எங்கள் ஒழுங்கைக்குள்ளும் வருகிறது. பதினொன்றரைக்கு அம்மாவின் எக்ஸ்றேப் படம் மூன்று கண்டங்களில் எங்கள் கைக்குள் இருந்தது. இடுப்பெலும்பில் வெடிப்பு. அம்மா படுக்கையில் இருந்து கமராவைப் பார்த்து, "எனக்கு ஒண்டுமில்லை, நீ வேலையைப் பார்" என்றா.

நான் வேலையைப் பார்க்கவில்லை. வெள்ளவத்தையில் புறப்படும் யாழ்ப்பாண பஸ் இரவு பேலியகொடைச் சந்தியிலும் ஆள் ஏற்றும். ஒரு போன் எடுத்து சீற் சொன்னேன். ஒருவரும் அடையாள அட்டை கேட்கவில்லை, கடிதம் கேட்கவில்லை. 2021இல் திறந்த புதிய களனிப் பாலத்தின் விளக்குகள் பின்னால் போய் மறைந்தன. புத்தளம், அநுராதபுரம், வவுனியா. விடியற்காலை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன்.

அம்மா என்னைக் கண்டதும், "ஏன்ரா வேலையை விட்டிட்டு ஓடி வந்தனி" என்று ஏசினா. பிறகு என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டா. தாதி வந்து நகரச் சொல்லும்வரை விடவில்லை. சத்திரசிகிச்சை முடிந்து, ஊன்றுகோலோடு இப்போது முற்றத்துக்கு வருகிறா.

அம்மாவைப் பார்க்கப் போன அன்றிரவு பஸ்ஸில் எல்லோரும் நித்திரை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலைக் கடக்கும்போது மட்டும் நான் எப்போதும் விழித்துவிடுவேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி அந்தக் கோயில் வாசலில்தான் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களில் பலர் தாய்மார். எத்தனையோ பேர் பதில் தெரியாமலே இறந்துபோனார்கள். எனக்கு ஒன்பது நாள் பிந்தியாவது ஒரு கொப்பித் தாள் வந்தது. அவர்களுக்கு அதுவும் வரவில்லை.

ஏ9 வழியாக ஊருக்குப் போகிறவர்கள், ஒருமுறையாவது பகல் பஸ்ஸில் போங்கள். கிளிநொச்சியில் இறங்கி, அந்தத் தாய்மாரோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள்.