உங்கள் பெயருக்கு என்ன விலை கேட்கிறீர்கள்?

டிரேட்மார்க் வேண்டுமென்றால் சிறு வியாபாரி 4,500 ரூபாய் கட்ட வேண்டும். பெரிய கம்பெனிக்கு 9,000. ஆட்சேபணைக்குப் பதில், விசாரணை, ஜர்னலில் வெளியீடு எல்லாம் தாண்டிவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் 'ஆர்' போட்டுக்கொள்ளலாம். பத்து வருடத்துக்கு அந்தப் பெயர் உங்களுடையது என்று இந்திய அரசாங்கமே முத்திரை குத்தியிருக்கிறது. வாழ்த்துகள். இப்போது போனை எடுத்து அதே பெயரைக் கூகுளில் தட்டிப் பாருங்கள்.

முதலில் வருவது நீங்கள்தான் என்று நினைத்தீர்களா? உங்கள் எதிர்க்கடைக்காரர் வருகிறார். அவருக்குக் கீழே இன்னொரு போட்டியாளர். 2016 முதல் மேலே நான்கு விளம்பரங்கள் வரைக்கும் இடம் உண்டு. கட்டைவிரல் நோகத் தள்ளிக்கொண்டே போனால், பெயரின் சட்டபூர்வ உரிமையாளராகிய நீங்கள் கீழே எங்கோ நிற்பீர்கள்.

இவையெல்லாம் விளம்பரம் என்று கூகுள் சொல்லாமலா இருக்கிறது? சொல்கிறது, கிசுகிசுவென்று. ஒரு காலத்தில் விளம்பரங்களுக்குப் பின்னால் தனி நிறப் பட்டை இருந்தது. 2013இல் பட்டையை எடுத்துவிட்டு ஒரு மஞ்சள் பெட்டி வைத்தார்கள். 2016இல் அது பச்சையானது. 2020இல் மற்ற எழுத்தோடு எழுத்தாகக் கறுத்துவிட்டது. 2022இல் அதுவும் போய், 'ஸ்பான்சர்டு' என்று சின்னதாக ஒரு சொல் வந்தது. வாடிக்கையாளரின் கண்ணை உறுத்தக் கூடாதே என்ற கரிசனம்!

இந்த விளம்பர இடங்கள் ஏலத்தில் போகின்றன. ஏலப் பொருளுக்கு 'கீவேர்ட்' என்று பெயர். உங்கள் கடைவாசல் பெயர்ப்பலகையைத் தினம் ஆயிரம் தடவை ஏலம் விடுவதும் இதுவும் ஒன்றுதான். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஓரவஞ்சனையே கிடையாது, நீங்களும் கேட்கலாம்! அப்பா வைத்த பெயராக இருந்தாலும் மற்றவரோடு வரிசையில் நின்று, சொடுக்குக்கு இவ்வளவு என்று கட்டி, உங்களைத் தேடி வந்த வாடிக்கையாளரை நீங்களே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் பேஸ்கேம்ப் என்ற கம்பெனி 2019இல் தன் பெயருக்கே ஒரு விளம்பரம் வாங்கி, 'இந்த விளம்பரத்தைப் போட எங்களுக்கு விருப்பமில்லை, இது நாங்கள் கட்டும் பிணைப்பணம்' என்கிற அர்த்தத்தில் அதிலேயே எழுதிவைத்தது. அந்த விளம்பரத்துக்கும் கூகுள் காசு வாங்கிக்கொண்டதுதான் விசேஷம்.

ஆரம்பத்திலிருந்தே இப்படி இல்லை. பிறருடைய டிரேட்மார்க்கைக் கீவேர்டாக எடுக்கக் கூகுளே ஒரு காலத்தில் இடம் தரவில்லை. 2004இல் அந்தக் கொள்கை மாறியது. எந்தப் பெயரை எடுத்தால் ஆள் வருவார்கள் என்று விளம்பரதாரருக்கு எடுத்துக்கொடுக்கும் கருவியும் பின்னால் வந்தது. திருட்டுக்குத் துணை போவதாக யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்குப் பெயர் 'பரிந்துரை'.

நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். 2010 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் ஓர் அற்புதமான தத்துவத்தைக் கண்டுபிடித்தது: பெயரை ஏலத்தில் எடுத்தவர்தான் அதைப் 'பயன்படுத்துகிறார்', ஏலம் விட்டுக் காசு வாங்கியவர் பயன்படுத்தவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில், பாரத்மேட்ரிமோனி நடத்திய கான்சிம் இன்ஃபோ போட்ட வழக்கில், கீவேர்டுக்குத் தடை கிடைக்கவில்லை. பாரத், தமிழ், மேட்ரிமோனி எல்லாம் பொதுச்சொற்கள் என்பது முக்கியக் காரணம். அதில் நியாயம் உண்டு. கல்யாணம் என்ற சொல்லுக்கு யாரும் பட்டா வாங்க முடியாது. ஆனால் பொதுச்சொல்லே அல்லாத பெயர்களும் அதே சந்தையில்தானே கூவி விற்கப்படுகின்றன?

வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 10 அன்றுதான் கொஞ்சம் உரக்கப் பேசியது. கீவேர்ட் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை, ஆகவே அது பயன்பாடே இல்லை என்று கூகுள் வாதாடியது. கல்லாவில் விழும் காசு கண்ணுக்குத் தெரிந்தால் போதும்போலிருக்கிறது! நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கூகுள் சும்மா வேடிக்கை பார்ப்பவர் அல்ல, இந்த வியாபாரத்தில் முனைந்து பங்கெடுப்பவர். டிரேட்மார்க் மீறல் என்று ஆகிவிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இடைத்தரகருக்குப் பாதுகாப்பு தரும் 79ஆவது பிரிவுக்குள் ஒளிந்துகொள்ள முடியாது என்றது. உடனே வெடி வெடிக்க வேண்டாம். பெயரைக் கீவேர்டாக எடுப்பதே குற்றமாகிவிடாது, வாடிக்கையாளர் குழம்புகிறாரா என்று பார்க்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே நீங்கள் வக்கீல் வைத்து, ஃபீஸ் கட்டி, வாய்தாவுக்கு வாய்தா அலைந்து, உங்கள் வாடிக்கையாளர் குழம்பினார் என்று நிரூபியுங்கள். அதுவரை ஏலம் நடந்துகொண்டுதான் இருக்கும்.

சரி, பெயர் என்றால் இவர்களுக்கு இளக்காரமா? ஐயோ, சொந்தப் பெயர் என்றால் உயிர்! 'எந்தத் தேடுபொறியிலும் கிடைக்காதது' என்ற பொருளில் தங்கள் நாட்டில் புழங்கிய, கூகுளை உள்ளடக்கிய ஒரு சொல்லை ஸ்வீடனின் மொழி அவை புதுச்சொல் பட்டியலில் சேர்த்தபோது, விளக்கத்தைத் திருத்தச் சொல்லிக் கூகுள் நெருக்கியது. 2013இல் அவை வெறுத்துப்போய்ச் சொல்லையே எடுத்துவிட்டது. அமெரிக்காவில் ஒருவர் 'கூகுள்' என்ற சொல்லோடு 763 இணைய முகவரிகளைப் பதிவு செய்தார். கூகுள் அத்தனையையும் பறித்தது. அது தேடுவதைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டதே என்று அவர் நீதிமன்றம் போனார். 2017இல் தோற்றார். ஊரார் பெயரெல்லாம் புறம்போக்கு, தன் பெயர் மட்டும் பட்டா நிலம்.

டிரேட்மார்க் சட்டம் 1999இல் எழுதப்பட்டது. கூகுளின் விளம்பரக் கடை திறந்தது 2000இல். பதிவான பெயரை உரிமையாளர் சம்மதமின்றிக் கீவேர்டாக விற்கக் கூடாது, பொதுச்சொல்லுக்கு மட்டும் விலக்கு என்று ஒரு பிரிவு சேர்க்க நாடாளுமன்றத்துக்குக் கால் நூற்றாண்டு போதவில்லை. வியாபாரி சங்கங்கள் ஜி.எஸ்.டி.க்குக் கொடுக்கும் மனுக்களோடு இதையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

வாசகருக்கு ஒரு வேலை. பழகின கடையின் பெயரைத் தேடும்போது 'ஸ்பான்சர்டு' என்று இருப்பதைத் தொடாதீர்கள். அது அந்தக் கடையின் சொந்த விளம்பரமாகவே இருந்தாலும் தொடாதீர்கள், கீழே தள்ளிப் போங்கள். அந்தச் சொந்த விளம்பரத்தை நீங்கள் தொடும் ஒவ்வொரு தடவையும் காசு கட்டுவது அந்தக் கடைக்காரர்தான்.