அண்ணருக்கு லென்ஸ் பார்க்கிறோம்

சனிக்கிழமை காலை 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு வந்து இறங்குகிறவர்கள் வெறும் பையோடு வருவார்கள், நிரம்பிய பையோடு திரும்புவார்கள். லென்ஸ் அண்ணருக்கு மட்டும் வரும்போதும் போகும்போதும் ஒரே பாரம்தான். சட்டைப் பையில் ஒரு வேணியர் இடுக்கிமானி, கக்கத்தில் ஒரு கொப்பி.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. 2019க்குப் பிறகு அதை ஒருவரும் பாவிப்பதில்லை.

அந்த வருடந்தான் ஸ்கார்பரோவில் இருந்து வந்த பெறாமகன் ஒரு மரக் கமராவைக் கொண்டுவந்து கொடுத்தான். மடித்தால் பலகாரப் பெட்டி, விரித்தால் ஆர்மோனியத் துருத்தி. உள்ளங்கையளவு தாள் பிலிமில், அதாவது நாலுக்கு ஐந்து அங்குலத்தில், ஒரு தாளுக்கு ஒரு படம் எடுக்கிற சாதனம். தேக்கும் பித்தளையும் மினுங்கின. லென்ஸ் இல்லை. "பெரியப்பா, அதை உங்கட விருப்பத்துக்கு வேண்டுங்கோ" என்றான். பிள்ளை நல்லெண்ணத்தில் சொன்ன அந்த ஒரு வசனத்தில்தான் அண்ணர் கவிழ்ந்தார்.

மற்றக் கமராக்களில் இந்த ஆபத்துக் குறைவு. கைபேசியில் லென்ஸ் ஒட்டியே வருகிறது. நிக்கோன் வாங்கினவர் நிக்கோனுக்குப் பொருந்துகிறதைத்தான் தேடுவார். அண்ணருடையது மாதிரியான பெருவடிவக் கமராவில் ஒரு சதுரப் பலகையில் துளை போட்டு, ஆருடைய லென்ஸையும் பூட்டலாம். 1890இல் செய்ததும் பூட்டலாம், 1990இல் செய்ததும் பூட்டலாம். இவ்வளவு சுதந்திரம் ஒரு மனிசனுக்கு ஆகாது.

உண்மையில் விஷயம் சின்னது. பிலிமில் படம் விழுகிற பரப்பு ஏறத்தாழ 95க்கு 120 மில்லிமீற்றர். மூலைக்கு மூலை அளந்தால் 153. ஆகவே 150 மில்லிமீற்றர் லென்ஸ்தான் இதற்குச் சாதாரண லென்ஸ். ஜேர்மனியின் ஷ்னைடர், ரோடன்ஸ்ரொக், ஜப்பானின் நிக்கோன், பூஜி என்று நாலு வீட்டிலும் எஃப் 5.6இல் ஒவ்வொன்று பிறந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலும் பழுதில்லை. ஒரு பின்னேரத்தில் முடிகிற காரியம்.

அண்ணர் முடிக்கவில்லை. பொருத்தம் பார்க்கத் தொடங்கினார்.

கொப்பியில் ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு பக்கம். இலக்கத்தைக் கொண்டு பிறந்த வருடம் கணித்திருப்பார். குலம், கோத்திரம், எத்தனை கண்ணாடித் துண்டு, எத்தனை பூச்சு எல்லாம் உண்டு. அடுத்தது நோய்நொடி. கொழும்புப் புழுக்கத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பயம் நியாயமானது, அதற்கு அவரைக் குறைசொல்ல முடியாது. பழைய ஷ்னைடர் லென்ஸ்களின் உள்விளிம்பில் கறுப்பு மை பொரிந்து வெள்ளைப் புள்ளிகள் தெரியும். சேகரிப்பாளர்கள் அதற்கு 'ஷ்னைடரைற்றிஸ்' என்று வருத்தத்தின் பெயரே வைத்திருக்கிறார்கள். படத்தில் அதனால் ஒரு குறையும் வராது. இது அண்ணருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அந்தக் காரணத்துக்காக ஏழு சம்பந்தங்களைத் திருப்பி அனுப்பினார்.

பிறகு லென்ஸ் பூட்டியிருக்கிற ஷட்டர். கோபல் என்ற ஜப்பான் கம்பனியின் ஷட்டர்கள் பூச்சியம், ஒன்று, மூன்று என்ற அளவுகளில் வந்தவை. இரவு பதினொரு மணிக்குக் கொட்டாஞ்சேனைக் கூட்டாளியோடு அண்ணர் "கோபல் பூச்சியம் நல்லது, ஒன்றை நம்பேலாது" என்று தொலைபேசியில் கதைக்க, அடுப்படியில் நின்ற அவர் மனைவி, எங்கள் அக்காவின் காதில் அது கோபாலாக விழுந்திருக்கிறது. "ஆரப்பா அந்தக் கோபால்? ஆருக்குப் பேசுறியள்?"

விளக்கத்தைக் கேட்டபின் அக்கா சொன்னது வெள்ளவத்தையில் இப்போது பிரசித்தம்: "என்னைப் பொம்பிளை பார்க்க வந்து அரை மணித்தியாலத்திலை ஓமெண்ட மனிசன் இது."

150ஐ அண்ணர் கைவிட்டதற்குக் காரணம் புறக்கோட்டைதான். இரண்டாம் குறுக்குத் தெருவிலுள்ள சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலை எடுக்கவேண்டும் என்பது அவர் கனவு. 1908இல் கட்டத் தொடங்கி அடுத்த வருடம் முடித்த, சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக ஓடுகிற, மாதுளம்பழக் குவிமாடங்கள் வைத்த கட்டடம். தெருவோ ஒடுக்கம். நாட்டாமிமார் தள்ளுவண்டியோடு "வழி, வழி" என்று வருகிற இடத்தில் பின்னுக்குப் போகவும் ஏலாது. கமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரங்கள் பின்பக்கம் சாயும். கமராவை நேரே வைத்து லென்ஸை மட்டும் மேலே உயர்த்தினால் நிமிர்ந்து நிற்கும். பெருவடிவக் கமராவின் பெருமையே அதுதான். உயர்த்துவதற்கு லென்ஸ் விழுத்துகிற ஒளிவட்டம் பிலிமைவிடப் பெரிதாக இருக்கவேண்டும்.

ஆகவே 90 மில்லிமீற்றர் அகலக்கோண லென்ஸ். ஷ்னைடரின் எஃப் 8க்கு வட்டம் 216, நிக்கோனின் எஃப் 8க்கு 235. பிலிமை நெடுக்காக வைத்தால் முன்னையதை 37 மில்லிமீற்றர் உயர்த்தலாம், பின்னையதை 47. வித்தியாசம் ஒரு சென்ரிமீற்றர். பத்து மீற்றர் தள்ளி நின்றால் கட்டடத்தில் ஒரு மீற்றர் கூடத் தெரியும். இந்த ஒரு மீற்றருக்காக வெள்ளவத்தை ஜேர்மன் கட்சியும் கொட்டாஞ்சேனை ஜப்பான் கட்சியும் மூன்று வருடம் பிளேன்ரீயில் வழக்காடின.

வழக்கு நடக்கும்போதே நாடு கவிழ்ந்தது. இருபது டொலர் குறையட்டும் என்று அண்ணர் பார்த்துக்கொண்டிருந்த லென்ஸ் உண்மையாகவே இருபது டொலர் குறைந்தது. ஆனால் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டிருந்தது. கொப்பியில் அந்தப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணீர்க் கறை மட்டும் இருக்கிறது.

பிறகுதான் ஒரு நாள் இடுக்கிமானியால் கமராவையே அளந்து பார்த்தார். அதன் முன்சட்டம் உயரக்கூடியது 30 மில்லிமீற்றர்தான். இரண்டு லென்ஸும் போதும். இரண்டு கட்சியும் தோற்றன.

லென்ஸுக்குப் பொருத்தம் பார்க்காமலே படமெடுத்தவர்களும் உண்டு. படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரோன் களுத்துறையில் வாழ்ந்தவர், 1879இல் இலங்கையிலேயே இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில். 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவோடுதான் அவர் தொடங்கினார். அதிலிருந்த பிரெஞ்சு லென்ஸில் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிகிற இடம் ஒன்று, தட்டில் கூர்மையாகப் பதிகிற இடம் வேறொன்று. அதைக்கொண்டே உலகம் இன்றைக்கும் பார்க்கிற முகங்களை எடுத்தார். இதை அண்ணரிடம் சொல்லிப் பார்த்தார்கள். "அந்த லென்ஸுக்கு வட்டம் காணாது" என்றார்.

இப்போது அவர் லென்ஸ் பூட்டுகிற பலகையில் வந்து நிற்கிறார். 90 வந்தாலும் 150 வந்தாலும் கோபல் பூச்சியத்துக்குத் துளை 34.6 மில்லிமீற்றர். ஆகவே முதலில் துளை, பிறகு லென்ஸ். போன சனிக்கிழமை பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடையொன்றில் பலகையை நீட்டினார்.

"முப்பத்தஞ்சு ஈக்கு சேர். போடவா?"

"முப்பத்திநாலு தசம் ஆறு வேணும் நானா."

நானா பலகையைப் பார்த்தார், இடுக்கிமானியைப் பார்த்தார், அண்ணரைப் பார்த்தார். "மிச்சம் தசம் நாலுல சேர் என்ன செய்யப் போறீங்க?"

35 போட்டாலும் பின்னால் வளையம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அண்ணருக்கும் தெரியும். பலகையைத் திரும்பக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டியில், கத்தரிக்காய்க்கும் தயிர்ச் சட்டிக்கும் நடுவில், 25 தாள் பிலிம் பெட்டியொன்று உடைக்காமல் இருக்கிறது. காலாவதித் திகதி போன வருடம். புறக்கோட்டைப் பக்கம் 34.6 மில்லிமீற்றர் துளை போடுகிற கடை ஆருக்காவது தெரிந்தால், தயவுசெய்து அக்காவிடம் சொல்லுங்கள். அண்ணரிடம் சொன்னால் அந்தக் கடைக்கும் ஒரு பக்கம் திறந்துவிடுவார்.