கடைசி வாங்குக்குச் சிக்னல் இருக்கா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே கையெழுத்து. ஏறாவூர்ப் பிள்ளை, தாழங்குடாக் கல்வியியற் கல்லூரியில் படிக்கிறார், அடுத்த வருடம் கட்டுறு பயிலுனராகப் பள்ளிக்கூடம் போகிறார். அதிகம் கேட்டவருக்கு அதிகம் பதில். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

ஏறாவூர் ஆசிரிய பயிலுனர்: மாமா, வகுப்பறைக்கு எந்த ஆப் நல்லது?

முதலில் ஒரு கொப்பி எடுங்கள் மகள். வகுப்பில் உள்ள அத்தனை பெயரையும் எழுதுங்கள். பெயருக்கு நேரே, வீட்டில் போன் யார் கையில், பிள்ளைக்கு எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று எழுதுங்கள். அந்தப் பக்கம் நிரம்பிய பிறகு ஆப் தேடலாம். நாடி பார்க்காமல் மருந்து எழுதுவாரா வைத்தியர்?

அவரே: எல்லா வீட்டிலும்தான் போன் இருக்கிறதே?

இருக்கிறது. எப்போது இருக்கிறது? வாவியில் வலை போடும் வாப்பா அந்திக்குத் தோணி ஏறும்போது போனும் ஏறுகிறது. நீங்கள் இரவு எட்டு மணிக்கு அனுப்பிய கணக்கு, பொலித்தீன் பைக்குள் சுற்றி, சாரன் மடிப்பில் செருகி, வாவிக்கு நடுவில் கிடக்கிறது. விடிந்து கரைக்கு வந்து, மீனுக்கு விலை பேசி முடித்த பிறகுதான் பிள்ளையின் கைக்கு வரும். அதற்குள் நீங்கள் அந்தப் பெயருக்குச் சிவப்புக் கோடு போட்டுவிடுவீர்கள். கோடு பிள்ளைக்கா, மீனுக்கா?

செங்கலடி வாசகர்: கொரோனாக் காலத்து ஒன்லைன் வகுப்பு வென்றதா, தோற்றதா?

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். அடுத்த வருடம் பதுளை மாவட்டத்துப் போஹிதியாவ கிராமத்தில் ஆசிரியையும் பிள்ளைகளும் காட்டு வழியே நடந்து, மலை உச்சிக்கு ஏறித்தான் சிக்னல் பிடித்தார்கள். லுணுகலைப் பக்கம் முப்பது அடி உயர மரக்குடிலுக்குப் பெரியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். அந்த மனிதர்கள் வென்றார்கள். கோபுரம் நட மறந்தவர்கள் தோற்றார்கள்.

ஆசிரிய பயிலுனர்: சூம் வகுப்பில் கமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா?

கூடாது. பிள்ளையின் முகம் மட்டுமா தெரியும்? பின்னால் பூசாத சுவரும் தெரியும்.

அவரே: மாணவர் பள்ளிக்குப் போன் கொண்டு வர முடியாது. பிறகு வகுப்பில் எந்தக் கருவியைப் பாவிப்பது?

பிளிக்கர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகளின் கையில் கடதாசி அட்டை. போன் உங்கள் கையில் மட்டும். அட்டையில் ஒரு கோலம் அச்சாகியிருக்கும். நான்கு பக்கத்தில் எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறாரோ அதுதான் அவருடைய விடை. நீங்கள் போன் கமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்றுக் காட்டினால், யார் சரி, யார் பிழை என்று உங்கள் திரையில் வந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்தது வேறு. ஒவ்வோர் அட்டையின் கோலமும் வேறு. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பிடிக்க வழியில்லை. தன் பிழை பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியவும் வழியில்லை. கையுயர்த்தக் கூசும் கடைசி வாங்குப் பிள்ளை அன்றைக்குத்தான் வாய் திறக்காமல் பேசும்.

அவரே: கஹூட்?

நோர்வேக்காரர் 2013இல் விட்ட பட்டம். நன்றாகப் பறக்கும். ஆனால் முந்தி அழுத்தினால் புள்ளி கூட என்பது அதன் சுபாவம். பொதுஅறிவுக்கு வையுங்கள். பின்னக் கணக்குக்கு வைத்தால் பெருவிரலுக்குத்தான் பரிசு கிடைக்கும், மூளைக்கு இல்லை.

விஞ்ஞான ஆசிரியர், வாழைச்சேனை: ஆய்வுகூடத்தில் பாதிச் சாமான் பழுது. என்ன செய்ய?

அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' மாதிரிகளைப் பாருங்கள். இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய வேலை, காசு இல்லை. வீட்டில் இறக்கி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனால் பள்ளியில் இணையமும் தேவையில்லை. திரையில் மின்குமிழ் எரியட்டும். ஆனால் தவணைக்கு ஒரு நாளாவது இரண்டு பற்றரி, ஒரு வயர், ஒரு நிசக் குமிழ். குமிழைத் தொட்டு "ஸ்ஸ்" என்று கையை எடுத்த பிள்ளை அந்தப் பாடத்தை மறக்காது.

ஓட்டமாவடி ஆசிரியை: வினாத்தாளை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இது என்ன பாஷை" என்று உம்மாமார் கேட்கிறார்கள்!

பாமினி எழுத்துருவின் பாஷை. உங்கள் கணினியில் 'அம்மா'. அவர்கள் போனில் நான்கு ஆங்கில எழுத்து, நடுவில் ஓர் அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளிதான், மகள், மெய்யெழுத்தின் புள்ளி! பாமினி தமிழ் வேடம் போட்ட ஆங்கிலம். எழுத்துருவைக் கழற்றினால் வேடமும் கழன்றுவிடும். யுனிகோடில் அடியுங்கள். பழைய தாள்களை மாற்ற இலவச மாற்றிகள் உண்டு. அச்சகக்காரர் பாமினிதான் வேண்டும் என்றால் அவருக்கு மட்டும் கொடுங்கள். பிள்ளைக்குத் தமிழைக் கொடுங்கள்.

ஆசிரிய பயிலுனர்: தமிழில் இணையத்தில் ஒன்றுமே இல்லை என்கிறார்களே?

சொல்பவர் தேடவில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவவில் தமிழ்ப் பாடங்கள் இருக்கின்றன. ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் 2005 முதல் 'நூலகம்' மின்னூலகத்தில் சேர்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவை 2003இல் வளர்க்கத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் இ. மயூரநாதன், நம் யாழ்ப்பாணத்து மனிதர். அவர் யாரும் தரட்டும் என்று காத்திருக்கவில்லை. நீங்களும் வகுப்போடு உட்கார்ந்து புன்னைக்குடாக் கடற்கரையைப் பற்றி இரண்டு பந்தி எழுதிச் சேர்த்துவிடுங்கள். எடுக்க மட்டும் போகிற இடமா இணையம்?

அவரே: கெட்டிக்காரப் பிள்ளை குழுவில் மற்றவர்களுக்குக் குரல் பதிவு போட்டு விளங்கப்படுத்துகிறது. விடலாமா?

விடுங்கள், அது நம் சட்டாம்பிள்ளை! திண்ணைப் பள்ளியில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். எழுத்துப் பழக மணல். சென்னையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய அண்ட்ரூ பெல் இந்த வழியைப் பார்த்துத் தன் பள்ளியில் செய்து, 1797இல் இங்கிலாந்தில் புத்தகமாகப் போட்டார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். மணலைக் கடல் கடந்து அனுப்பியவர்கள் நாம். ஒரு குரல் பதிவுக்குப் பயப்படலாமா?

தமிழாசிரியர், காத்தான்குடி: கட்டுரையை சட்ஜிபிடி எழுதிக் கொடுக்கிறது. எப்படித் தடுப்பது?

தலைப்பை மாற்றுங்கள் சேர். 'மாரிகாலம்' என்றால் அது எழுதும். 'போன மாரிக்கு உங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது' என்று கேளுங்கள். அதற்கு வாசல் இல்லை.

ஒரு பெற்றோர்: பள்ளிக்கு வந்த ஸ்மார்ட் பலகையைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். பழுதாகிவிடுமாம்.

பழுதாகட்டும். பாவித்துப் பழுதான பலகை நூறு பிள்ளைக்காவது பாடம் சொல்லியிருக்கும். மூடி வைத்த பலகையில் பல்லி முட்டையிடும்.

ஆசிரிய பயிலுனர்: 2022 மாதிரிக் கரண்ட் போனால்?

அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேர மின்வெட்டு. அப்போதும் சார்ஜ் இறங்காதது வெண்கட்டி. பையில் இரண்டு துண்டு இருக்கட்டும்.

அவரே: கடைசிக் கேள்வி மாமா. அந்தத் தோணிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பாடத்தை எப்படித்தான் அனுப்புவது?

குரல் பதிவாக, இரண்டு நிமிடம். வீடியோ என்றால் வாப்பா ரீலோட் போட்ட காசெல்லாம் போய்விடும். பதில் கேட்டு நெருக்காதீர்கள்; மறுநாள் பின்னேரம் வரை விடுங்கள். இன்னொன்று, உங்கள் பதிவை முதலில் கேட்கப் போவது பிள்ளை இல்லை. நடு வாவியில், வலை கனக்கும் வரை சும்மா இருக்கும் வாப்பாதான். பின்னம் கூட்டுவது எப்படி என்று அவரும் கேட்பார். ஆகவே சலாம் சொல்லித் தொடங்குங்கள், மெதுவாகச் சொல்லுங்கள்.